காற்றாலை ஜெனரேட்டரின் கோர் இழப்பை மாடல் செய்வது எப்படி: தகட்டு அளவீட்டிலிருந்து ஆண்டுக் கணக்கு வரை

முழுத்திறனில் கோர் இழப்பு (தகடுகளை அடுக்கிச் செய்த இரும்பு உள்ளகத்தில் வெப்பமாகப் போகும் திறன்) ஒரு சதவீதம்தான், தாமிர இழப்பு (சுருள்களில் போவது) ஐந்து சதவீதம், அதனால் தாமிரத்தைக் கவனித்தால் போதும் என்று முடிவெடுக்கிறவர்கள் நிறையப் பேர். மற்ற மின் இயந்திரங்களுக்கு இது ஓரளவு சரி. காற்றாலைக்குச் சரியில்லை, ஏனென்றால் காற்றாலை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை முழுத்திறனுக்குக் கீழேதான் கழிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நிலைக்காந்த ஜெனரேட்டர், கியர்பாக்ஸ் கிடையாது, சுழல்வேகம் காற்றின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. காற்று பாதியாகும்போது கிடைக்கும் திறன் எட்டில் ஒரு பங்கு. முறுக்குவிசை நான்கில் ஒரு பங்கு, மின்னோட்டமும் அப்படியே, ஆகவே தாமிர இழப்பு பதினாறில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். ஆனால் காந்தம் காந்தமாகவே இருக்கிறது, பாய அடர்த்தி (இரும்புக்குள் காந்தப் பாயத்தின் நெருக்கம்) குறையவில்லை, அதிர்வெண் மட்டும்தான் பாதி. ஹிஸ்டெரிசிஸ் (காந்தத் திசை புரளும் ஒவ்வொரு முறையும் இரும்பில் போகும் ஆற்றல்) மேலோங்கிய கோரில் இழப்பு பாதிக்குத்தான் இறங்கும். இப்போது சதவீதம் போடுங்கள்: தாமிரம் 5-லிருந்து 2.5 ஆகிறது, கோர் இழப்பு 1-லிருந்து 4 ஆகிறது. இடம் மாறிவிட்டது! ஸ்டேட்டர் (சுற்றாமல் நிற்கும் பகுதி) நேரடியாக 50 ஹெர்ட்ஸ் கிரிட்டில் இணைந்திருக்கும் இரட்டை ஊட்ட தூண்டல் ஜெனரேட்டரில் (ஸ்டேட்டர், ரோட்டர் இரண்டின் சுருளுக்கும் மின்தொடர்பு உள்ளது) இன்னும் மோசம்: ஸ்டேட்டர் பாயத்தைக் கிரிட் வோல்ட்டேஜ் பிடித்து வைத்திருக்கிறது, அதிர்வெண்ணும் மாறாது, எனவே ஸ்டேட்டர் கோரின் ஒரு சதவீத இழப்பு அதே பாதிக் காற்றில் எட்டு சதவீதமாகத் தெரியும். சில காற்றாலைகளில் மெல்லிய காற்றின்போது ஸ்டேட்டர் சுருள்களின் இணைப்பை டெல்டாவிலிருந்து ஸ்டாருக்கு மாற்றுவதற்கு இது முக்கியமான காரணம். சுருளுக்கான வோல்ட்டேஜ் 58 சதவீதமாகக் குறையும், பாயமும் அவ்வளவே குறையும், கோர் இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும்.

ஆக, மாடல் ஒரே ஒரு புள்ளியில் சரியாக இருந்தால் போதாது, வேக வீச்சு முழுக்கச் சரியாக இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: எந்த இடத்தில் எந்த அதிர்வெண் என்று எழுதி வையுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாள் போதும். மின் அதிர்வெண் என்பது துருவ இணைகளின் எண்ணிக்கையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 60-ஆல் வகுப்பது. சர்வதேச எரிசக்தி முகமையின் கூட்டாய்வில் உருவான 15 மெகாவாட் மாதிரிக் காற்றாலையை எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 7.56 சுற்று, 100 துருவ இணைகள், முழுத்திறனிலேயே 12.6 ஹெர்ட்ஸ்தான். மறுபக்கம் அமெரிக்காவின் என்ஆர்இஎல் ஆய்வகம் உருவாக்கிய 5 மெகாவாட் மாதிரியில் கியர் விகிதம் 97, பிளேடு 12.1 சுற்று சுற்றும்போது ஜெனரேட்டர் 1173.7 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் எட்டுத் துருவ இணை கொண்ட நிலைக்காந்த இயந்திரத்தை வைத்தால் அதிர்வெண் 156 ஹெர்ட்ஸைத் தாண்டும். இரண்டும் காற்றாலைதான், ஆனால் இழப்பின் இயற்பியல் வேறு வேறு.

அடிப்படை அதிர்வெண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். ரோட்டரின் மேற்பரப்பு ஸ்டேட்டர் ஸ்லாட்டுகளை (சுருள் உட்காரும் பள்ளங்கள், நடுவே இருக்கும் இரும்புதான் பல்) கடந்து ஓடுகிறது. 72 ஸ்லாட், நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் ரோட்டர் பல்லின் நுனி 1800 ஹெர்ட்ஸ் அலையைப் பார்க்கிறது, அதே ரோட்டரின் உள்பகுதி வெறும் சறுக்கு அதிர்வெண்ணில் (ஸ்டேட்டர் களத்துக்கும் ரோட்டருக்கும் உள்ள வேக வித்தியாசத்தின் அதிர்வெண்), அதாவது 30 சதவீதச் சறுக்கில்கூட 15 ஹெர்ட்ஸில், இயங்குகிறது. ‘ரோட்டர் அதிர்வெண் குறைவு, அங்கே இழப்பு இல்லை’ என்று சொல்வது இதனால்தான் தவறு. முழு கன்வெர்ட்டர் உள்ள (மின்சாரம் முழுவதும் மின்னணு மாற்றி வழியே போகும்) இயந்திரங்களில் ஸ்விட்சிங் சிற்றலை சில கிலோஹெர்ட்ஸில் மேலே ஏறி உட்காரும், அதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

படி 2: தகட்டின் தரவு

என் அனுபவத்தில் மாடல் தவறுவது சூத்திரத்தால் அல்ல, தரவால். அதனால் இங்கே நேரம் செலவழியுங்கள்.

தகட்டின் பெயரே பாதித் தகவலைச் சொல்லிவிடும். எம்400-50ஏ என்றால் 0.50 மில்லிமீட்டர் தடிமன், 1.5 டெஸ்லா 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் கிலோவுக்கு 4.0 வாட். எம்270-35ஏ என்றால் 0.35 மில்லிமீட்டர், 2.7 வாட். இவை உத்தரவாத உச்சங்கள், வழக்கமான மதிப்பு இவற்றைவிடக் குறைவாக இருக்கும். அந்த ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு 12 ஹெர்ட்ஸுக்கும் 1800 ஹெர்ட்ஸுக்கும் நீட்டிப்பது சூதாட்டம். தயாரிப்பாளரிடம் பல அதிர்வெண்களில், பல பாய அடர்த்திகளில் எடுத்த முழு அட்டவணையைக் கேளுங்கள், உங்கள் இயந்திரம் 10 ஹெர்ட்ஸ் பக்கம் என்றால் 50-க்குக் கீழேயும் அளவீடு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அளவீடு எப்ஸ்டீன் சட்டகத்தில் (கீற்றுகளைச் சதுரமாக அடுக்கி அளக்கும் கருவி) எடுத்ததா, ஒற்றைத் தகடு சோதனையில் எடுத்ததா என்றும் பாருங்கள். எப்ஸ்டீனில் 30 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகள், பாதி உருட்டிய திசையில், பாதி அதற்குக் குறுக்கே வெட்டியவை. அகலம் 30 மில்லிமீட்டர் என்பதைக் குறித்து வையுங்கள், வெட்டு விளிம்பு பற்றிப் பேசும்போது தேவைப்படும். தகட்டின் மின்தடைத்திறன், அடர்த்தி இரண்டும் தரவுத்தாளில் இருக்கும், அவையும் வேண்டும்.

படி 3: இழப்பை மூன்றாகப் பிரியுங்கள்

1892-இல் ஸ்டெயின்மெட்ஸ் ஹிஸ்டெரிசிஸ் இழப்பு பாய அடர்த்தியின் 1.6 அடுக்கில் போகிறது என்று சொன்னார். இன்றைய தகடுகளுக்கு அந்த 1.6-ஐ அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. 1980-களில் பெர்ட்டோட்டி வலுப்படுத்திய பிரிப்புதான் இன்று வேலைக்கு உதவுவது: ஹிஸ்டெரிசிஸ் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதம், சுழல் மின்னோட்ட இழப்பு (மாறும் பாயம் தகட்டுக்குள் தூண்டும் மின்னோட்டத்தால் வருவது) அதன் இருமடிக்கு, இரும்புக்குள் ஒரே காந்தத் திசை கொண்ட சிறு பகுதிகளைப் பிரிக்கும் சுவர்களின் துள்ளலால் வரும் உபரி இழப்பு அதன் ஒன்றரை அடுக்குக்கு.

இவற்றில் சுழல் மின்னோட்டப் பங்கை அளவீடே இல்லாமல் கணக்கிடலாம். பை (π) என்ற எண்ணின் இருமடி, மின்கடத்துதிறன், தடிமனின் இருமடி, பாய அடர்த்தி உச்சத்தின் இருமடி, அதிர்வெண்ணின் இருமடி எல்லாவற்றையும் பெருக்கி 6-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு வாட் கிடைக்கும். 0.5 மில்லிமீட்டர் தகடு, மின்தடைத்திறன் 0.45 மைக்ரோ ஓம் மீட்டர், 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸ் என்று போட்டால் சுமார் 5140 வரும், அடர்த்தி 7700-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 0.67 வாட். அந்த 4.0-இல் இவ்வளவுதான்! மிச்சம் 3.3 ஹிஸ்டெரிசிஸும் உபரியும்.

இந்த எண்ணிலிருந்தே ஒரு வடிவமைப்பு முடிவு கிடைத்துவிடுகிறது. 12.6 ஹெர்ட்ஸில் சுழல் மின்னோட்டப் பங்கு 0.04 வாட்டுக்கு இறங்கிவிடும், ஆகவே நேரடி இயக்க ஜெனரேட்டருக்கு அதை மட்டும் நினைத்து மெல்லிய தகட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பெரிதாக அர்த்தமில்லை, ஹிஸ்டெரிசிஸ் குறைந்த தரத்தைத் தேடுங்கள். 200 ஹெர்ட்ஸில் அதே பங்கு 10.7 வாட், அங்கே 0.35-க்கு மாறினால் பாதியாகிவிடும், கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டு.

மற்ற இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வரைபடம் போதும். ஒரே பாய அடர்த்தியில் பல அதிர்வெண்களின் இழப்பை எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் அதிர்வெண்ணால் வகுத்து ஒரு சுழற்சிக்கான ஆற்றலாக்குங்கள். அதிலிருந்து சுழல் மின்னோட்டப் பங்கைக் கழியுங்கள். மிச்சத்தை அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் ஹிஸ்டெரிசிஸ், கோட்டின் சாய்வு உபரி. இதையே 0.5, 1.0, 1.5, 1.7 டெஸ்லா என்று ஒவ்வொன்றுக்கும் செய்து, கிடைப்பதை அட்டவணையாகவே வைத்துக்கொள்ளுங்கள். கோடு வளைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: அளவீட்டின்போது அலை சைன் வடிவில் இல்லை, அல்லது அதிர்வெண் மிக அதிகமாகித் தகட்டுக்குள்ளேயே தோல் விளைவு (பாயம் மேற்பரப்பை ஒட்டி ஒதுங்குவது) வந்துவிட்டது. சார்பு ஊடுதிறன் 2000 பக்கம் என்றால் 50 ஹெர்ட்ஸில் தோல் ஆழம் சுமார் 1.1 மில்லிமீட்டர், 1000 ஹெர்ட்ஸில் கால் மில்லிமீட்டர், அதாவது 0.5 தகட்டின் பாதித் தடிமனே. அதற்கு மேலே மேற்சொன்ன சூத்திரம் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும், திருத்தம் தேவை.

எல்லா அதிர்வெண்களின் தரவையும் ஒன்றாகப் போட்டு, மூன்று குணகங்களையும் மென்பொருளே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொருத்தம் அழகாக இருக்கும், சுழல் மின்னோட்டக் குணகம் மட்டும் தகட்டின் தடிமனோடு ஒத்துப்போகாத ஏதோ ஒரு எண்ணாக வரும், சில நேரம் உபரி எதிர்மறையாகக்கூட வரும். கணக்கிட முடிந்ததைக் கணக்கிட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் பொருத்துவதுதான் நேர்மையான வழி.

படி 4: களத்தைக் கணக்கிடுங்கள்

நமக்கு வேண்டியது கோரின் ஒவ்வொரு சிறு துண்டிலும் பாய அடர்த்தி நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பது. உச்சம் மட்டும் அல்ல, முழு அலைவடிவம், ஆர திசையிலும் தொடு திசையிலும் தனித்தனியாக.

இரு பரிமாண ஃபைனைட் எலிமென்ட் (வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் களத்தைத் தீர்க்கும் முறை) இதற்குப் போதும். இலவசமான ஃபெம் (FEMM) மென்பொருளிலேயே செய்யலாம்: அது நேரத்தோடு நகரும் களத்தைத் தீர்க்காது, ஆனால் ரோட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அந்தந்த நிலைக்குரிய மின்னோட்டத்தைக் கொடுத்து, நிலைக்களமாகவே தீர்த்துக்கொண்டு போகலாம். ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிவிட்டால் வேலை தானாக நடக்கும்.

எத்தனை படிகளாகத் திருப்புவது? ஒரு மின் சுழற்சியில் 36 ஸ்லாட் இருந்து, ஸ்லாட் சிற்றலை ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி வேண்டுமென்றால் 360 படிகள். சுழற்சியின் இரண்டாம் பாதி முதல் பாதியின் தலைகீழ் பிம்பமாக இருந்தால் 180 போதும். முப்பது படிகளில் முடித்துவிட்டு அடிப்படை அலை அழகாக இருக்கிறது என்று திருப்தி அடைந்தால், பல் நுனியின் இழப்பு கைநழுவிப்போகும்.

மெஷ் (அந்தத் துண்டுகளின் வலை) விஷயத்தில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஸ்டேட்டர் மெஷும் ரோட்டர் மெஷும் எல்லாப் படிகளிலும் அப்படியே இருக்க வேண்டும், காற்றிடைவெளி மட்டும் நழுவட்டும். ஒவ்வொரு படிக்கும் மெஷ் புதிதாகப் போட்டால், துண்டுகள் இடம் மாறி, பாய அடர்த்தியில் சிறு நடுக்கம் சேரும். அந்த நடுக்கத்தை நேரத்தால் வகைக்கெழு எடுக்கும்போது அது பூதாகரமாகி, இல்லாத சுழல் மின்னோட்டத்தை உங்களுக்குக் காட்டும். காற்றிடைவெளியில் மூன்று நான்கு அடுக்குத் துண்டுகள், பல் நுனியில் நல்ல நெருக்கம், நுகத்தில் (பற்களுக்குப் பின்னால் பாயம் சுற்றிப் போகும் இரும்பு வளையம்) தாராளமாகப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.

தகடுகளுக்கு நடுவே காப்புப் பூச்சு இருப்பதால் அடுக்குக் காரணி 0.96 என்று வைத்துக்கொள்வோம். இரும்புக்குள் நிஜ பாய அடர்த்தி நான்கு சதவீதம் அதிகம், இழப்பு எட்டு சதவீதம் கூடும், எடை நான்கு சதவீதம் குறையும், நிகரமாக நான்கு சதவீதம் மேலே. இதை மென்பொருள் தானே கவனிக்கிறதா, நீங்கள் செய்ய வேண்டுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், இரண்டு பக்கமும் செய்துவிடுவது எளிது.

இரட்டை ஊட்ட இயந்திரத்தின் ரோட்டருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சறுக்கு 1 ஹெர்ட்ஸ் என்றால் ரோட்டர் தன் ஒரு சுழற்சியை முடிக்க முழு ஒரு நொடி, அதற்குள் ஸ்டேட்டர் 50 சுழற்சி போய்விடும், 360 படி வீதம் 18000 தீர்வுகள். அவ்வளவு தேவையில்லை. மெதுவான அலையின் இழப்பைத் தனியாக, ஸ்லாட் சிற்றலையின் இழப்பை ஒரு குறுகிய நேரச் சாளரத்தில் தனியாக எடுத்துக் கூட்டுங்கள், போதுமான அளவு நெருங்கி வரும். அந்தச் சாளரத்தை ரோட்டர் சுழற்சியின் சில வெவ்வேறு கட்டங்களில் வைத்துச் சராசரி எடுத்தால் இன்னும் நல்லது.

படி 5: அலைவடிவத்திலிருந்து வாட்

ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பங்குகளையும் கணக்கிட்டு, அதன் எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டியதுதான். சுழல் மின்னோட்டத்துக்கும் உபரிக்கும் நேரக் களத்திலேயே வேலை செய்யுங்கள்: முதலாவதற்குப் பாய அடர்த்தி மாறும் வேகத்தின் இருமடியின் சராசரி, இரண்டாவதற்கு அந்த வேகத்தின் அளவை 1.5 அடுக்குக்கு உயர்த்திய சராசரி. இங்கே பலர் இடறும் ஓர் இடம் இருக்கிறது: நீங்கள் பொருத்திய குணகங்கள் சைன் அலைக்கானவை. நேரக் களத்துக்குக் கொண்டுவரும்போது சுழல் மின்னோட்டக் குணகத்தை 19.74-ஆலும் உபரிக் குணகத்தை 8.76-ஆலும் வகுக்க வேண்டும். முதல் எண் பையின் இருமடியின் இரண்டு மடங்கு, இரண்டாவது சைன் அலைக்கு அந்தச் சராசரியைத் தொகையிட்டால் வருவது. சரிபார்க்க, நிரலுக்கு ஒரு தூய சைன் அலையைக் கொடுத்துப் பாருங்கள், தரவுத்தாளின் எண் திரும்பி வர வேண்டும்.

ஹிஸ்டெரிசிஸ் வேறு மாதிரி. அது வேகத்தைப் பார்ப்பதில்லை, உச்சங்களையும் திருப்பங்களையும் பார்க்கிறது. அலை நடுவில் ஒருமுறை பின்வாங்கி மீண்டும் ஏறினால் பெரிய வளையத்துக்குள் ஒரு குட்டி வளையம் உருவாகும், அதற்கும் இழப்பு உண்டு. எளிய திருத்தம் இது: பின்வாங்கல்களின் அளவுகளையெல்லாம் கூட்டி, 0.65-ஆல் பெருக்கி, உச்சத்தால் வகுத்து, ஒன்றோடு சேர்த்து, முதன்மை வளையத்தின் இழப்பை அதனால் பெருக்குவது. பொறியியல் தேவைக்கு இது போதும். ப்ரைசாக் அல்லது ஜைல்ஸ்–ஆதர்ட்டன் போன்ற முழு ஹிஸ்டெரிசிஸ் மாடல்கள் இன்னும் துல்லியமானவைதான், ஆனால் அவற்றுக்குத் தேவையான அளவீடுகள் உங்களிடம் இருந்தால் மட்டுமே. தரவு இல்லாமல் நுட்பமான மாடலை எடுப்பதால் விடை துல்லியமாகிவிடாது.

சுழலும் களத்தை மறக்கக் கூடாது. பல் நுகத்தோடு சேரும் இடத்தில் பாயம் முன்னும் பின்னும் போய்வருவதில்லை, ஒரு நீள்வட்டத்தில் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. நடுத்தரப் பாய அடர்த்தியில் இப்படிச் சுழலும் களத்தின் இழப்பு அதே உச்சம் கொண்ட நேர்க்கோட்டுக் களத்தின் இழப்பைப் போல இரண்டு மடங்குகூட வரலாம், தெவிட்டு நிலையை நெருங்கும்போது ஹிஸ்டெரிசிஸ் பங்கு திடீரென்று சரியும். குறைந்தபட்சம் இரு திசைகளின் இழப்பையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். அதுவே பெரும்பாலான பிழையைச் சரிசெய்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: தரவு 1.8 டெஸ்லாவோடு நின்றுவிடும், பல் நுனியின் மூலைகளில் 2-ஐத் தொடும். பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தி அதன் போக்கில் விட்டுவிட்டால் அங்கே அபத்தமான எண்கள் வரும். கடைசி இரண்டு புள்ளிகளின் சாய்வில் மென்மையாக நீட்டுவது பாதுகாப்பு.

படி 6: சூத்திரத்துக்குள் வராதவை

தகட்டை அச்சு வைத்துப் பஞ்ச் செய்து வெட்டும்போது விளிம்பில் சில மில்லிமீட்டர் வரை பொருள் சிதைகிறது, அங்கே ஹிஸ்டெரிசிஸ் கூடும், ஊடுதிறன் குறையும். லேசரில் வெட்டினாலும் வெப்ப அழுத்தத்தால் இதே கதைதான். 30 மில்லிமீட்டர் எப்ஸ்டீன் கீற்றில் இது கொஞ்சம், 8 மில்லிமீட்டர் அகலப் பல்லில் இது ஏறக்குறைய முழுப் பல். பிறகு கோரை வெளிச் சட்டகத்துக்குள் இறுக்கிப் பொருத்தும்போது வரும் அமுக்க அழுத்தம், தகடுகளைப் பிடித்து வைக்கப் போடும் வெல்டிங்கும் போல்ட்டும் உண்டாக்கும் குறுக்குச் சுற்றுகள். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பெருக்கியாகப் போடுவதுதான் நடைமுறை. அந்தப் பெருக்கியைப் பல்லுக்குத் தனியாக, நுகத்துக்குத் தனியாக வையுங்கள், சுழல் மின்னோட்டத்தை விட்டுவிட்டு ஹிஸ்டெரிசிஸுக்கு மட்டும் போட முடிந்தால் இன்னும் சரி, அப்போதுதான் மற்ற வேகங்களுக்கும் அது செல்லும்.

காந்தங்களும் ரோட்டரின் திண்மமான பின் இரும்பும் தகடு அல்ல. அவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கடத்துதிறனைக் கொடுத்து, நேரத்தோடு நகரும் களமாகத் தீர்க்க வேண்டும், ஃபெம் போதாது, எல்மர் போன்ற மென்பொருள்களுக்குப் போக வேண்டியிருக்கும். பல்லொன்றில் சுற்றிய குவிசுருள் இயந்திரங்களில் இந்த இழப்பு ஸ்டேட்டரோடு போட்டியிடும் அளவுக்கு வரலாம். அச்சு திசையில் காந்தத்தைத் துண்டுபோட்டிருந்தால் இரு பரிமாணக் கணக்கு அதிகமாகவே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 7: ஒரு புள்ளி அல்ல, ஒரு வரைபடம்

இப்போது சுழல்வேகம் ஒரு அச்சு, முறுக்குவிசை இன்னொரு அச்சு என்று வைத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் கோர் இழப்பைக் கணக்கிடுங்கள். சுமையே இல்லாத இழப்பை எல்லாச் சுமைக்கும் பயன்படுத்தாதீர்கள், ஸ்டேட்டர் மின்னோட்டம் அலைவடிவத்தை வளைக்கிறது, அடிப்படை அலை குறைந்தாலும் சிற்றலைகள் கூடலாம். களத் தீர்வுகளை முறுக்குவிசைக்கு ஒன்று என்று ஐந்தாறு எடுத்தால் போதும், ஏனென்றால் நிலைக்காந்த இயந்திரத்தில் அலைவடிவம் ரோட்டர் நிலையைப் பொறுத்தது, வேகத்தை அல்ல. வேகம் மாறும்போது மூன்று பங்குகளையும் அதனதன் அடுக்கில் அளவு மாற்றிக்கொள்ளலாம். இழப்பைப் பிரித்து வைத்ததன் முழுப் பலன் இங்கேதான் கிடைக்கிறது. கன்வெர்ட்டர் சிற்றலைக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை, அது தன் சொந்த அதிர்வெண்ணில் ஓடுகிறது, அதைத் தனியாகச் சேருங்கள்.

அப்புறம் காற்றுவேகப் பரவல். காற்றாலையின் இயக்க வளைவு ஒவ்வொரு காற்றுவேகத்துக்கும் ஒரு சுழல்வேகத்தையும் முறுக்குவிசையையும் தரும், வெய்புல் பரவல் ஆண்டில் எத்தனை மணி நேரம் அந்த வேகம் என்று தரும். இழப்பை மணி நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் ஆண்டுக்கான கிலோவாட் மணி. இரண்டு தகடுகளை ஒப்பிட வேண்டுமா, பல்லை அகலப்படுத்தலாமா என்று யோசிக்கிறீர்களா, இந்தக் கூட்டுத்தொகையை வைத்து முடிவெடுங்கள்.

படி 8: சோதனையில் பாருங்கள்

நிலைக்காந்த இயந்திரத்தை வெளியிலிருந்து ஒரு மோட்டாரால் சுமையின்றிச் சுற்றி, தண்டில் செல்லும் திறனை அளந்தால் கோர் இழப்பும் உராய்வும் காற்றுத் தடையும் சேர்ந்து வரும். காந்தமேற்றாத ரோட்டரை வைத்து மறுபடி அளந்து கழித்தால் கோர் மிஞ்சும். காந்தத்துக்குப் பதில் களச் சுருள் இருந்தால் இன்னும் எளிது: வேகத்தை மாற்றாமல் கிளர்வை (களச் சுருளின் மின்னோட்டத்தை) குறைத்துக்கொண்டே வந்து, இழப்பை வோல்ட்டேஜின் இருமடிக்கு எதிராக வரைந்து, பூச்சியத்துக்கு நீட்டினால் உராய்வுப் பங்கு தெரிந்துவிடும். இந்த மாதிரிச் சோதனைகளின் விவரம் ஐஇசி 60034-2-1 தரநிலையில் இருக்கிறது.

முக்கியம், ஒரே வேகத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். பல வேகங்களில் அளந்து, அளவீட்டுக்கும் மாடலுக்கும் உள்ள வித்தியாசத்தை வேகத்துக்கு எதிராக வரையுங்கள். வித்தியாசம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறினால் ஹிஸ்டெரிசிஸ் குறைவாக இருக்கிறது, வெட்டு விளிம்பையும் அழுத்தத்தையும் சந்தேகியுங்கள். இருமடியாக ஏறினால் எங்கோ சுழல் மின்னோட்டம் ஓடுகிறது, வெல்டிங், போல்ட், காந்தம், கோரின் முனைத் தகடுகள் என்று வரிசையாகப் பாருங்கள். நேர்விகித ஏற்றத்தைக் கண்டதும் கோரைக் குறை சொல்லிவிடாமல் முறுக்குவிசை அளவியின் பூச்சியப் புள்ளியையும் சரிபாருங்கள், அதன் பிழை முறுக்குவிசையாக எல்லா வேகத்திலும் மாறாமல் நிற்கும், திறனாக மாற்றினால் வேகத்தோடு ஏறும், ஆகவே ஹிஸ்டெரிசிஸைப் போலவே வேஷம் போடும். சுழற்றுவதற்கு முன்னும் பின்னும் நின்ற நிலையில் அளவியைப் படித்து வைத்திருந்தால் இந்தக் குழப்பம் உடனே தீரும். கிடைத்த திருத்தத்தை அந்தந்தப் பங்கின் பெருக்கியில் போட்டு, படி 7-இன் வரைபடத்தை மறுபடி ஓட்டுங்கள்.